பொன்னுருவியை அழித்துவிடாதே, மகள்

மகிழடித்தீவு,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

உன் குரல்பதிவு கிடைத்தது. அழுதுகொண்டே பேசியதால் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி இதுதான்: அலுவலகத்தில் ஒருத்தி உன் புனைபெயரைக் கண்டுபிடித்து, சாப்பாட்டு நேரத்தில் நீ இணையத்தில் எழுதுகிற ரசிகர் புனைகதை ஒன்றை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துச் சிரித்திருக்கிறாள். அதற்கு முந்திய கிழமை, கர்ணனின் மனைவி பொன்னுருவியை வைத்து நீ எழுதிய கதையைப் படித்த ஒரு வாசகர், "பொன்னுருவி என்று மகாபாரதத்தில் யாரும் இல்லை, மூலத்தைப் படித்துவிட்டு எழுது" என்று உனக்கு எழுதியிருக்கிறார். இரண்டும் சேர்ந்து உன்னை வெட்கப்படுத்திவிட்டன. முப்பது வயதுக்கு மேல் இந்த விளையாட்டு வேண்டாம், இருக்கிற கதைகள் எல்லாவற்றையும் அழித்துவிடப்போகிறேன் என்கிறாய்.

தொலைபேசியில் சொன்னால் நடுவில் புகுந்து வாதாடுவாய். அதனால் எழுதுகிறேன். முழுவதும் வாசித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

முதலில் பொன்னுருவி. அந்த வாசகர் சொன்னது உண்மைதான். வியாசர் பாரதத்தில் அப்படி ஒருத்தி இல்லை. சூத குலத்தில் கர்ணனுக்குப் பெண் எடுத்தார்கள் என்பதோடு அங்கே பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் எங்கள் மட்டக்களப்புப் படுவான்கரையில் கர்ணன் போர்க் கூத்து ஆடும்போது பொன்னுருவி வராமல் விடிந்த களரி எதையும் நான் பார்த்ததில்லை. வில்லும் தேரும் சாபமும் கவச குண்டலமும் எல்லாம் சொன்ன பிறகும், "அதெல்லாம் சரி, போருக்குப் போகிறவனுடைய வீட்டில் யார் இருந்தது?" என்று எங்கேயோ யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் பிறந்தவள் அவள். குலம் தெரியாதவனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டேன் என்று மனம் கசந்த அரசகுமாரியாகத் தமிழ் நாட்டார் கதை அவளை வளர்த்தது. நீ அவளுக்கு ஒரு தோழியும் ஒரு பழைய காய்ச்சலும் கொடுத்திருக்கிறாய். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வாசகருக்கு மரியாதையாகப் பதில் எழுது: "இவள் எங்கள் ஊர்ப் பொன்னுருவி" என்று. அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

மூலம் மூலம் என்கிறார்களே, வைகாசியில் நம் அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்குக்கு முன் கண்ணகி வழக்குரை காவியம் படிப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீ தூண் ஓரத்தில் தூங்கிவிடுவாய். இளங்கோவடிகள் கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கத்தை வைத்தார். அந்த மாணிக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர் கவலைப்படவில்லை. அவருடைய கவலை பாண்டியனின் சபையில் இருந்தது. வழக்குரைக்கோ அது தெரிந்தே ஆகவேண்டும். மீகாமனைக் கப்பலேற்றி, நாகமணி தேடி அனுப்பி, வழியில் வெடியரசனோடு போர் நடத்தி, கடலையே ஒரு காதையாக்கிவிட்டது. அதோடும் நிற்கவில்லை. கண்ணகியைப் பாண்டியனின் தோட்டத்து மாங்கனியில் பிறக்கவைத்து, பெட்டியில் வைத்துக் கடலில் விட்டுவிட்டது. அப்படியானால் அவள் எரித்த மதுரை அவளுடைய பிறந்த ஊர். சிலப்பதிகாரத்தில் இல்லாத இந்த ஒரு திருப்பத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். இதை எழுதியவரிடம் யாராவது போய் "மூலத்தைப் படித்துவிட்டு வா" என்று சொல்லியிருந்தால், எங்களுக்கு அந்தக் கடலும் இல்லை, மாமரமும் இல்லை.

யாருக்கு யார் ஜோடி என்று உங்கள் ஆட்கள் அடித்துக்கொள்வதாகவும் ஒருமுறை சொன்னாய். அது ஒரு புதினமா? கொம்புமுறி விளையாட்டில் கோவலன் பக்கம் ஒரு சேரி, கண்ணகி பக்கம் ஒரு சேரி என்று ஊரையே இரண்டாகப் பிரித்து, கொம்பைக் கொளுவி இழுத்து முறித்தவர்கள் நம் ஆட்கள். வென்ற சேரி தோற்ற சேரியைப் பார்த்துப் பாடுகிற வசையில் அரைவாசியை ஒரு தாய் மகளுக்கு எழுத முடியாது.

நீ அனுப்பிய ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்து இணைப்புகளை நான் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டேன் என்று நினைத்திருப்பாய். மத்தியானம் அப்பா வயலுக்குப் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் வாசிக்கிறேன். தமிழில் நீ போட்டவை விரைவில் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் உள்ளவற்றுக்கு அகராதி வேண்டும். கணக்குத் திறக்காதவரும் கூடோஸ் என்கிற அந்தப் பாராட்டு இதயத்தை அழுத்தலாம் என்று கண்டுபிடித்தேன். அப்படி அழுத்துபவர்களைப் பெயரில்லாமல் விருந்தினர் என்று எண்ணிக்கையில் சேர்த்துவிடுகிறார்கள். உன் ஒவ்வொரு கதையின் கீழும் இருக்கிற விருந்தினரில் ஒருத்தி நான். பொன்னுருவிக்கு இரண்டாவது தடவை அழுத்தப் போனேன். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்று சிரித்த முகம் ஒன்றைப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது. நல்ல ஒழுங்குதான். இல்லாவிட்டால் தாய்மார் எல்லாம் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடுவோம்.

கதைகளைவிட அவற்றின் மேலும் கீழும் உள்ள குறிப்புகள்தான் என்னை அதிகம் பிடித்துக்கொண்டன. பரீட்சை முடிந்ததும் அடுத்த அத்தியாயம் போடுகிறேன் என்கிறாள் ஒருத்தி. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்து தட்டச்சு செய்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் இன்னொருத்தி. கீழே முன்பின் தெரியாதவர்கள் வந்து, கதை எங்கும் ஓடிவிடாது, முதலில் உடம்பைப் பார் என்று எழுதுகிறார்கள். இறப்பு வரும், வன்முறை வரும் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுகிற வழக்கமும் எனக்குப் பிடித்திருக்கிறது. முடிவு தெரிந்துவிடுகிறதே என்று நீ குறைப்பட்டாய். கர்ணன் சாவான் என்று தெரியாமலா இவ்வளவு சனம் விடியவிடியப் பாயில் இருந்து கூத்துப் பார்த்தது?

மார்கழியில் நீங்கள் நடத்துகிற அந்தக் கதைப் பரிசுப் பரிமாற்றத்தையும் மறக்கவில்லை. இங்கே வெள்ளம் வந்து மின்சாரம் இல்லாமல் இருந்தபோது நீ அங்கிருந்து, "அம்மா, அந்த ஆளுக்கு ஆயிரம் சொல்லுக்குக் குறையாமல் எழுதவேண்டும், நாள் நெருங்குகிறது" என்று புலம்பினாய். 2003 முதல் நடப்பது, அதிகம் பேர் எழுதாத கதைகளுக்கென்றே நடப்பது என்று நீதான் சொன்னாய். நத்தார் அன்று கதைகள் திறக்கும், எழுதியவர் பெயர் தை முதலாம் திகதிதான் தெரியும். அந்த ஒரு கிழமை முழுக்க எனக்கு யார் எழுதியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டு சின்னப் பிள்ளையைப் போலத் திரிந்தாய். காசில்லை, பெயருமில்லை, யாரோ ஒருவருடைய ஆசைக்காக நித்திரை முழித்து எழுதுகிறீர்கள். சிரித்தவளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, விடு. பதில் சொல்லத்தான் வேண்டும் என்றால், விளம்பரம் இல்லாமல் தொண்டர்களும் வாசகர் நன்கொடையும் நடத்துகிற ஆர்கைவ் ஆஃப் அவர் ஓனுக்கு 2019இல் அறிவியல் புனைவுலகின் ஹியூகோ விருது கொடுத்தார்கள் என்று சொல். நான் சொல்லமாட்டேன். விருதைக் காட்டித்தான் நம்பவைக்கவேண்டிய ஆளோடு எனக்குப் பேச்சு இல்லை.

எனக்கு உன் மேல் கொஞ்சம் பொறாமை இருக்கிறது, மகள். உன் அம்மப்பா கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். ஆடுபவர்களுக்குப் பாட்டுச் சட்டம் கொடுக்கிற நாளில் இருந்து சதங்கை அணியும் வரை பழக்கம் எல்லாம் நம் வளவில்தான் நடந்தது. மத்தளச் சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் செய்தேன். யாருடைய பாட்டு எது, யாருக்கு எந்தத் தாளம் என்று எல்லாம் மனப்பாடம். ஆனால் களரிக்குள் பெண் கால் வைக்க முடியாது. பொன்னுருவிக்கு ஆடியவர் மீசையை வழித்துவிட்டு வந்த ஒரு மாமா. அரங்கேற்றத்தன்று அவர் ஒரு அடியை மறந்துவிட்டு நின்றபோது, பாயில் இருந்தபடியே நான் எடுத்துக்கொடுத்தேன். சபை சிரித்தது. அம்மம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் எரிகிறது. இப்போது கல்லடியில் விபுலானந்தர் பெயரில் உள்ள நிறுவகத்தில் பெண் பிள்ளைகள் சதங்கை கட்டி ஆடுகிறார்கள். எனக்கு அது பிந்திவிட்டது.

உங்கள் கூட்டத்தில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதை நீ ஒரு சாதாரண விஷயமாகச் சொல்லிவிட்டுப் போனாய். அமெரிக்காவில் 1967இல் ஸ்டார் ட்ரெக் தொடரின் ரசிகைகள் இருவர் ஸ்பொக்கனேலியா என்று ஒரு சஞ்சிகை தொகுத்துப் படியெடுத்தார்கள் என்று நீ ஒருமுறை சொன்னபோது, எனக்கு எங்கள் பள்ளிக்கூட ரோணியோ மெசின்தான் கண்ணுக்குள் வந்தது. கை முழுக்க மை. வருடக்கணக்காகப் பரீட்சைத் தாள் உருட்டியிருக்கிறேன். அதில் கதை உருட்டலாம் என்று அந்த நாளில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அழிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். 1978 கார்த்திகைச் சூறாவளியில் நம் வீட்டுக் கூரை போனது. அம்மப்பாவின் ஏடுகளும் கொப்பிகளும் பரணில் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு அவற்றை எடுத்து வெயிலில் காயவைத்தால் மை கரைந்து எல்லாம் நீலக் குழம்பு. அவர் ஒரு கிழமை யாருடனும் பேசவில்லை. பிறகு முனைக்காட்டில் இருந்து ஒருவர் வந்தார். பல வருடங்களுக்கு முன் அம்மப்பாவிடம் கர்ணன் போரை இரவல் வாங்கிப் பார்த்தெழுதியவர். அந்தக் கொப்பியைக் கொடுத்து, பார்த்தெழுதிக்கொள்ளுங்கள் என்றார். அதில் அம்மப்பா எழுதாத பாட்டுகளும் இருந்தன. எழுதிக்கொண்டு போனவர் தன் பங்குக்குச் சேர்த்திருக்கிறார்! அம்மப்பா அவற்றை வெட்டவில்லை. இரண்டை மட்டும் ஓசை சரியில்லை என்று திருத்தினார்.

நீ அழித்தால் அது உன் கணக்கில் இருந்து மட்டும் போகாது. பிலிப்பைன்ஸில் இருக்கும் அந்தப் பிள்ளை, பொன்னுருவியை மூன்று தடவை வாசித்தேன் என்று எழுதினாளே, அவளுடைய சேமிப்பில் கதை இருந்த இடம் வெறுமையாகிவிடும். அவளுக்கு யார் கொப்பி கொண்டுபோய்க் கொடுப்பது?

உன் பெயர் அதில் இருப்பதுதான் கூச்சம் என்றால், கதையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கழற்றிக்கொள்ள அந்தத் தளத்தில் வழி இருக்கிறது. அநாதைக் கணக்கு ஒன்றுக்கு மாற்றிவிடலாம். கதை இருக்கும், எழுதியது யார் என்று இருக்காது. பொன்னுருவியை முதலில் பாடியவரின் பெயர் மட்டும் இப்போது யாருக்குத் தெரியும்? ஆனால் அப்படிச் செய்தால் திருப்பி எடுக்க முடியாதாம், யோசித்துச் செய். எழுதுவதை நிறுத்துவதென்றால் தாராளமாக நிறுத்து. களைத்தவள் ஆறத்தான் வேண்டும். இரவு ஒரு மணிக்கு எழும்பி எத்தனை இதயம் விழுந்திருக்கிறது என்று பார்க்கிற பழக்கத்தை எப்படியும் நிறுத்து. கௌரவரும் பாண்டவரும் மெல்பேர்ணில் கோப்பிக் கடை நடத்துகிற அந்த நீண்ட தொடரை முடிக்காமல் விட்டாலும் நான் கவலைப்படமாட்டேன். துரியோதனன் பால் நுரை ஆற்றுவது எனக்கு ஏறவில்லை. அப்பாவுக்கு அதுதான் பிடிக்குமாம். நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனால் தேத்தண்ணீர் ஆறும் வரை கேட்டுக்கொண்டிருப்பார். கடைக்கு வாடகை யார் கட்டுகிறார்கள் என்று கேட்கச் சொன்னார்.

பொன்னுருவியை மட்டும் பாதியில் விடாதே. கர்ணன் விடைபெறுகிற இடத்துக்கு முன்னால் நிறுத்திவைத்திருக்கிறாய். அம்மப்பா பிறகு பார்த்தெழுதிய கொப்பி என் அலுமாரியில் இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் நாளைக்கு அனுப்புகிறேன். ஒரு பக்கத்தின் அடிப்பகுதியைக் கறையான் தின்றுவிட்டது. அங்கே இருந்த பாட்டு எனக்கு முழுதாக ஞாபகம் வரவில்லை. இரண்டு நாள் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, குறைந்த அடிகளை நானே கட்டி ஒரு தாளில் முழுப் பாட்டையும் எழுதியிருக்கிறேன். எது அவருடையது, எது என்னுடையது என்று குறிக்கவில்லை. மற்றவர்கள் எழுதியதை எல்லாம் வாசித்துத் திருத்தி பீட்டா பார்த்துக் கொடுக்கிறாயே, எனக்கும் பார். ஓசை இடறுகிற இடத்தைச் சிவப்பில் காட்டு.

அப்பா சுகம். இந்தப் போகம் விதைத்தாயிற்று. நீ கேட்ட மிளகாய்த்தூளை மாமியின் மகனிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் அடுத்த மாதம் வருகிறான்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: உன் தமிழ்க் கதையில் 'கருப்பு' என்று ஓரிடத்திலும் 'கறுப்பு' என்று இன்னோர் இடத்திலும் இருக்கிறது. நம் வழக்கம் 'கறுப்பு'. அழிக்கப்போகிற கையால் முதலில் அதைத் திருத்து.