செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 கால்பந்துப் பருவம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தக் குளிரிலும் பனியிலும் வண்டி ஓட்டி வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் தமிழ் ரசிகர்களாகிய நம் சங்கத்தின் 2024 பிப்ரவரி முதல் 2025 ஜனவரி வரையிலான ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. எட்டு உள்ளூர் ஆட்டங்களில் ஆறுக்கு, ஆட்டத்துக்கு முன் வண்டி நிறுத்துமிடத்தில் நடக்கும் டெயில்கேட் விருந்து நடந்தது. ஊரிலிருந்து வந்திருந்த பெற்றோர்களுக்கு ஆட்ட விதிகளை விளக்கும் வகுப்பு ஆகஸ்டில் நடந்தது; பதினான்கு பேர் வந்தார்கள். குடும்பச் சுற்றுலா மழையால் தள்ளிப்போய்ப் பிறகு நடக்கவில்லை. உறுப்பினர் ஒருவரின் தந்தையார் மதுரையில் காலமானார். சங்கத்தின் சார்பில் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

உறுப்பினர் எண்ணிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34-13 என்று வென்று, பதினைந்து ஆட்டங்களிலும் தோல்வியே இல்லாமல் நம் அணி கல்லூரி அணிகளுக்கான தேசியப் பட்டம் பெற்றது. அடுத்த ஒரே மாதத்தில் 31 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொண்டோம். இன்று அவர்களில் சந்தாவைப் புதுப்பித்திருப்பவர்கள் ஒன்பது பேர். நடுவில் என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பயிற்சியாளர் ஹார்பா தொழில்முறை அணிக்குப் போனார். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் மெக்கார்த்தி போனார், பந்தோடு ஓடும் ஓட்டக்காரர் கோரம் போனார். அந்த ஏப்ரலில் தொழில்முறை அணிகள் நம் அணியிலிருந்து மட்டும் 13 பேரைத் தேர்ந்தெடுத்தன. அக்டோபர் 19 அன்று இல்லினாயிடம் 21-7 என்று தோற்றபோது, ஆட்டம் பார்க்கக் கூடியவர்கள் ஐந்து பேர். ஐம்பது பேருக்கு என்று வாங்கிய சுண்டலை நாங்கள் ஐவரும் பங்கிட்டு வீட்டுக்கு எடுத்துப்போனோம்.

இந்தப் பருவத்தில் நான் மேற்கொண்ட ஒரு பணியைப் பற்றி உறுப்பினர்களுக்குக் கணக்குக் கொடுக்கும் கடமை எனக்கு இருக்கிறது. அதுதான் ஆட்டக் குறிப்பேடு. தடித்த அட்டை போட்ட நீள நோட்டு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிரெதிராக இரண்டு பக்கம். இடது பக்கம் ஆட்டக்காரர்களுக்கு, வலது பக்கம் பயிற்சியாளர்களுக்கு. ஞாயிறு காலை பத்து மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் கூடி, காபி குடித்துக்கொண்டே, முந்தைய நாள் ஆட்டத்துக்கு இரு பக்கமும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுக் காரணத்தையும் எழுத வேண்டும். வென்றாலும் எழுத வேண்டும், தோற்றாலும் எழுத வேண்டும் என்பது நான் வகுத்த விதி. நோட்டை வாங்கியது என் சொந்தச் செலவில். பதின்மூன்று ஆட்டங்களுக்கும் பக்கம் நிரம்பியிருக்கிறது. அவற்றில் எட்டுப் பக்கங்களில் ஒரே கையெழுத்துதான் இருக்கும். அது என்னுடையது.

'இதனால் என்ன பயன்?' என்று சென்ற கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். நவம்பர் 30 அன்று நம் பரம எதிரணி ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் நடந்ததையும் அதற்கு மறுநாள் நடந்ததையும் சொல்கிறேன்.

அன்று நம் அணி ஆறு வெற்றி, ஐந்து தோல்வி என்ற நிலையில் போய் இறங்கியது. ஒஹாயோ ஸ்டேட் நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருந்தது. இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்போம் என்றுதான் ஊரே பேசியது. நம் பக்கம் முக்கிய ஆட்டக்காரர்களான வில் ஜான்சன் இல்லை, கோல்ஸ்டன் லவ்லாண்டும் இல்லை. இடைவேளையில் 10-10. இரண்டாம் பாதி முழுவதும் அவர்களுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. அவர்கள் ஓடி எடுத்த மொத்த யார்டு 77. நம் தடுப்பாட்டக்காரர்கள் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் நடுவில் நின்றபோது அங்கே வழியே திறக்கவில்லை. நம் கடைசிப் படையெடுப்பில் மூன்றாம் முயற்சி, பந்தைத் தக்கவைத்துத் தொடர இன்னும் ஆறு யார்டு தேவை. நம் ஓட்டக்காரர் கலெல் மல்லிங்ஸ் பந்தை வாங்கி 27 யார்டு ஓடினார். நான் பேனாவை மூடியைக் கழற்றியபடியே பிடித்திருந்தேன் போலிருக்கிறது. சட்டைக் கையில் மை பரவியதை ஆட்டம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். 45 விநாடி மீதமிருக்கையில் நம் உதைப்பாளர் டாமினிக் ஸ்வாடா மூன்று புள்ளிக்காக 21 யார்டிலிருந்து உதைத்தார். 13-10. ஒஹாயோ ஸ்டேட்டை நான்காம் ஆண்டாகத் தொடர்ந்து வென்றோம்.

மறுநாள் காலை குறிப்பேட்டுக் கூட்டத்துக்கு 43 பேர் வந்தார்கள். பேஸ்மென்ட் படிக்கட்டிலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். இடது பக்கத்துக்கு ஒன்பது மதிப்பெண் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. தடுப்பாட்டப் பயிற்சியாளர் மார்ட்டின்டேலுக்கும் ஒன்பது கொடுத்தோம். அக்டோபரில் அவரைக் கடுமையாக எழுதியவன் நான். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, அவர் திருத்திக்கொண்டார் என்று நானே எழுதினேன். தாக்குதல் பயிற்சிக்கு வந்தபோது நான் நான்கு என்று சொன்னேன். கூடத்தில் சத்தம் நின்றுவிட்டது.

என் காரணம் இதுதான். அன்று நம் குவார்ட்டர்பேக் டேவிஸ் வாரன் எறிந்து எடுத்தது மொத்தம் 62 யார்டு. எதிரணி பிடித்துக்கொண்ட பந்துகள் இரண்டு. அதிலும் நான்காம் பகுதியில், சமநிலையில், கோல் எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்டோம். மல்லிங்ஸ் அன்று 32 முறை பந்தைத் தூக்கி 116 யார்டு ஓடியவர். ஓட்ட ஆட்டமே நம்மை அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தது. மூன்று புள்ளி கையில் இருப்பது போன்ற அந்த இடத்தில் பந்தை எறியச் சொன்னார்கள். எதிரணியின் ஜாக் சாயர் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு தடுப்பாட்டக்காரர்கள் பந்தை மீட்டுக் கொடுத்திருக்காவிட்டால் இன்று நாம் வேறு ஆண்டறிக்கை வாசித்துக்கொண்டிருப்போம்.

மூத்த உறுப்பினர் ஒருவர், நான் பெரிதும் மதிப்பவர், எழுந்து, "தம்பி, கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்காதே" என்றார். இன்னொருவர், வென்ற பயிற்சியாளரைக் குறை சொல்பவர் எப்படி ரசிகர் ஆவார் என்று கேட்டார். பலர் கைதட்டினார்கள். வலது பக்கத்தில் எட்டு என்று எழுதும்படி வாக்கெடுப்பில் முடிவானது. சங்கத்தின் முடிவு என்பதால் எட்டு என்றே எழுதினேன். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் என் நான்கையும் எழுதி வைத்தேன்.

அந்த வாரமே தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கிர்க் கேம்பெல் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

ஒருவர் வேலை இழந்ததில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ஷெரோன் மூர், தன் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றியைப் பெற்ற சூட்டிலேயே, பருவம் முழுவதையும் எடை போட்டு ஒரு முடிவுக்கு வந்தார். நாம் அந்த ஞாயிறு காலை செய்யத் தவறியது அதுதான். எனக்கு எதிராகக் கைதட்டியவர்களில் ஒருவராவது ஒரு தொலைபேசி அழைப்பு விடுப்பார் என்று எதிர்பார்த்தேன். யாரும் அழைக்கவில்லை.

அதன் பிறகு அந்த ஆட்டத்தை முழுமையாக இரண்டு முறை பார்த்துவிட்டேன். அந்த ஒரு நாளுக்கு நான் போட்ட நான்கு குறைவுதான், ஆறு கொடுத்திருக்கலாம். கையில் இருந்த ஆட்களை வைத்துக்கொண்டு, முடிந்தவரை ஓடு, தேவையின்றி எறியாதே என்று வகுத்த திட்டம் சரியானது. மொத்தம் 172 யார்டு ஓடியிருக்கிறோம். கோல் எல்லையில் எறிந்தது தவறு என்பதில் மட்டும் நான் மாறவில்லை. குறை அந்த நாளினுடையது அல்ல. மெக்கார்த்தி போகிறார் என்று ஜனவரியிலேயே தெரிந்தும், வேறு கல்லூரியிலிருந்து தேர்ந்த குவார்ட்டர்பேக் ஒருவரை அந்த வசந்தத்தில் கொண்டுவரவில்லை. முதல் ஏழு ஆட்டங்களுக்குள் வாரன், ஓர்ஜி, டட்டில் என்று மூன்று பேர் மாறி மாறித் தொடங்கினார்கள். தெற்கு கலிஃபோர்னியாவை 27-24 என்று வென்ற அன்றும் எறிந்து எடுத்தது 32 யார்டுதான். மல்லிங்ஸின் கால்கள்தான் காப்பாற்றின. அன்றும் வலது பக்கத்தில் நான் இதையே எழுதியிருக்கிறேன், செப்டம்பர் 22 என்று தேதி போட்டு. வேண்டுவோர் நோட்டைப் பார்க்கலாம். மூர் ஜனவரி 26 அன்றுதான் பொறுப்புக்கு வந்தார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

வாரனைப் பற்றி ஒரு வார்த்தை. இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு, உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்து, கொலம்பஸ் திடலில் வென்று திரும்பியவர் அந்த இளைஞர். அவரைப் பற்றி நம் வாட்ஸப் குழுவில் இந்தியானா ஆட்டத்தன்று எழுதப்பட்ட சில வரிகளை எழுதியவர்களே நீக்கிவிடும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டத்தை மதிப்பிடுவது வேறு, இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை ஏசுவது வேறு. அதேபோல, ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம் முடிந்து நடுத்திடலில் நம் ஆட்டக்காரர்கள் கொடி நட்டதால் எழுந்த கைகலப்பின் காணொளியை ஒரே நாளில் பதினேழு முறை பகிர்ந்தார்கள். இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்த செயல் அது. தடுப்பாட்டக்காரர்கள் இரண்டாம் பாதியில் செய்த வேலையின் காணொளியை நான் ஒருவன்தான் பகிர்ந்தேன்.

டிசம்பர் 31 அன்று டாம்பாவில் அலபாமாவை 19-13 என்று வென்றோம். முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் இல்லாமலே வென்ற ஆட்டம் அது. ஸ்வாடா நான்கு முறை உதைத்து வென்றார். வாரனுக்கு முழங்காலில் கடுமையான காயம். குறிப்பேட்டுக் கூட்டம் புத்தாண்டு அன்று வந்ததால் மூன்று பேர் கலந்துகொண்டோம். எட்டு வெற்றி, ஐந்து தோல்வியுடன் பருவம் முடிந்தது. நம்மிடம் தோற்ற ஒஹாயோ ஸ்டேட் ஜனவரி 20 அன்று தேசியப் பட்டம் வென்றது. அவர்களுடைய ரசிகர்கள், தோல்விக்குப் பிறகு தங்கள் பயிற்சியாளரை எவ்வளவு கடுமையாக எடை போட்டார்கள் என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாக வைப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக இருந்தன. சிறிய பற்றாக்குறையைச் செயற்குழுவில் இருவர் ஏற்றுக்கொண்டார்கள். டெயில்கேட் பொருள்கள் சிலவற்றுக்கு ரசீது இன்னும் வரவேண்டியிருக்கிறது. ஆண்டுச் சந்தா 40 டாலர். மைதானத்தில் ஒரே ஓர் ஆட்டத்துக்கு வண்டி நிறுத்தக் கொடுப்பதைவிட இது பெரிதாக இராது. நினைவூட்டல் நான்கு முறை அனுப்பினேன். இரண்டாவது நினைவூட்டலுக்குக் கட்டைவிரல் உயர்த்திய படம் அனுப்பிய பதினொரு பேரிடமிருந்து இன்றுவரை பணம் வரவில்லை. பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

பேஸ்மென்டைத் தந்து உதவிய குடும்பங்களுக்கும், ஒவ்வொரு ஞாயிறும் காபி போட்டுக் கொடுத்தவர்களுக்கும், கூடாரம் அடித்து மடித்துத் தந்த இளைஞர்களுக்கும், தலைவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி. சனிக்கிழமைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும் நன்றி.

வரும் 2025 பருவம் ஆகஸ்ட் 30 அன்று நியூ மெக்சிகோவுடன் நம் அணியின் ஊரான ஆன் ஆர்பரில் தொடங்குகிறது. அடுத்த வாரமே ஓக்லஹோமாவில் ஆட்டம். வட கரோலினாவிலிருந்து சிப் லிண்ட்சி தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக வந்திருக்கிறார். நமக்குப் பக்கத்து ஊரான பெல்வில்லிலிருந்து பிரைஸ் அண்டர்வுட் குவார்ட்டர்பேக்காகச் சேர்ந்திருக்கிறார். முதல் வெற்றியிலேயே இருவரையும் தலையில் தூக்கி வைப்பார்கள், முதல் தோல்வியிலேயே இறக்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்காகவாவது இந்த நோட்டு தொடர வேண்டும்.

நான்கு ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். வேறொருவர் முன்வந்தால் மனமுவந்து ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். யாரும் முன்வராவிட்டால் தொடர்வதிலும் எனக்குத் தடை இல்லை. ஆனால் ஞாயிறு காலை என்னோடு உட்கார இருவர் வேண்டும்; வென்ற ஞாயிறுகளில் மட்டுமல்ல. ஒருவர் தடுப்பாட்டத்தைக் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும், இன்னொருவர் உதை ஆட்டத்தை. நோட்டு இப்போது மேசையில், காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவையும் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறேன், பெயர் எழுத. சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரிடம் போகும் வழியும் அந்த மேசையைத் தாண்டித்தான்.

இப்படிக்கு,
செயலாளர்