மாணவர் நடந்து காண வேண்டிய கொழும்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகப் பாடசாலைகள் கல்விச் சுற்றுலாவுக்கு ஆயத்தமாகும் காலம் இது. பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை என எங்கிருந்து புறப்பட்டாலும் கொழும்புப் பயணத்தின் ஒழுங்கு பெரும்பாலும் ஒன்றுதான். நள்ளிரவில் பஸ் ஏறி, கினிகத்தேனை, அவிசாவளை வழியாக விடியும் வேளையில் நகரை அடைந்து, தெஹிவளை மிருகக்காட்சிசாலை, நூதனசாலை, தாமரைக் கோபுரம் ஆகியவற்றைப் பார்த்து, மாலையில் காலிமுகத்திடலில் சற்று நேரம் நின்றுவிட்டு இரவோடிரவாகத் திரும்பிவிடுகின்றோம். இவ்விடங்கள் வேண்டாம் என்பது என் வாதமன்று. 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலையை எந்தப் பிள்ளையும் தவறவிடக்கூடாது. ஆனால் மனிதர் வாழ்ந்து உழைக்கும் ஒரு தெருவிலேனும் இறங்கி நடக்காத மாணவருக்குக் கொழும்பைக் காட்டிவிட்டோம் என்று ஆசிரியர்களாகிய நாம் திருப்தியடைய முடியாது.

கோட்டை ரயில் நிலையத்திலிருந்து புறக்கோட்டை, செட்டியார் தெரு வழியாகக் கொச்சிக்கடை வரையான தூரம் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர்தான். இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசல் நிற்கின்றது. நகைக்கடைகள் நெருங்கி நிற்கும் செட்டியார் தெருவின் கதிரேசன் கோயில்களிலிருந்தே ஆடிவேல் இரதம் பம்பலப்பிட்டி நோக்கிப் புறப்படுகின்றது. அப்பால் கொச்சிக்கடையில், பொன்னம்பல முதலியார் 1857இல் அமைத்ததும், அவருடைய மகன் சேர். பொன்னம்பலம் இராமநாதன் பின்னர் கருங்கல்லால் மீளக் கட்டியதுமான பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயம் இருக்கின்றது. அருகிலேயே, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதே ஆண்டு ஜூனில் மீளத் திறக்கப்பட்ட புனித அந்தோனியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கு எல்லாச் சமயத்தவரும் வந்து மெழுகுதிரி ஏற்றுவதை இன்றும் காணலாம். சமயமும் வரலாறும் பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாக இருப்பவை. இங்கே அவை ஒரே நடையில் காணக் கிடைக்கின்றன. ஒல்லாந்தர் 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்பெண்டால் தேவாலயமும் வெகு தூரத்தில் இல்லை.

மலையகப் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி இன்னொரு வகையிலும் முக்கியமானது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணையும், 1885இல் நானுஓயாவை எட்டிய ரயில் பாதையும் நம் முன்னோர் உழைத்த தோட்டங்களின் ஏற்றுமதியை மனதில் வைத்து உருவானவை. 1883இல் கொழும்பில் ஆரம்பமான தேயிலை ஏலம், 2020இல் இணையவழிக்கு மாறிய பின்னரும் அந்நகரின் வணிகத்தோடு பிணைந்தே நடக்கின்றது. தாயும் தந்தையும் பறித்த கொழுந்து தூளாகி லொறியில் ஏறுவது வரை தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியும். அதற்குப் பின் அது எந்தக் களஞ்சியத்திற்குப் போகின்றது, எப்படி விலைபேசப்படுகின்றது, எந்தத் துறைமுகத்தில் கப்பலேறுகின்றது என்பதை அந்தப் பிள்ளை அறியாமலே பாடசாலைக் கல்வியை முடித்துவிடுகின்றது.

எல்லாவற்றையும் விட என் மனதை அழுத்துவது வேறொன்று. புறக்கோட்டையின் மொத்த விற்பனைக் கடைகளிலும், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளிலும், மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலையிலும் நம் தோட்டங்களின் இளைஞர்கள் நிறைந்திருக்கின்றார்கள். நம் பெண்கள் பலர் அந்நகரின் வீடுகளில் சமைத்துப் பிழைக்கின்றார்கள். என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்குக் கொழும்பு என்பது தீபாவளிக்கு அண்ணன் வந்துவிட்டுத் திரும்பிப் போகும் ஊர். அந்த அண்ணன் எத்தகைய தெருவில் நின்று எத்தனை மணிநேரம் மூட்டை சுமக்கின்றான் என்பதைப் படிக்கும் வயதிலேயே காண்பது, இடைவிலகலைப் பற்றி நாம் செய்யும் எந்த அறிவுரையையும் விட அவர்களைச் சிந்திக்க வைக்கும் என்று உறுதியாக நம்புகின்றேன்.

நெரிசலில் பிள்ளைகள் தவறிவிடுவார்கள், மாணவிகளுக்கு மலசலகூட வசதி இல்லை என்று அதிபர்கள் தயங்குவது நியாயமே. மொத்த விற்பனைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் ஞாயிறு காலையில் சென்றால் நெரிசல் குறையும். ஆனால் உழைப்பின் காட்சியும் அதனோடு குறைந்துவிடும். ஆகவே வேலைநாளில், நெரிசல் மிகுமுன் காலையிலேயே, பத்துப் பன்னிரண்டு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற சிறு குழுக்களாக அழைத்துச் செல்வதே பொருத்தம். ஆலய நிர்வாகங்களிடம் முன்கூட்டியே கடிதம் மூலம் கேட்டுக்கொண்டால் இளைப்பாற இடம் கிடைக்கக்கூடும்.

கல்விச் சுற்றுலாக்களுக்கு அனுமதி வழங்கும் வலயக் கல்விப் பணிமனைகள், கொழும்பு செல்லும் பாடசாலைகளின் நிகழ்ச்சி நிரலில் இத்தகைய அரைநாள் நடையையும் சேர்க்குமாறு பரிந்துரைக்க வேண்டுகின்றேன். வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஆங்கிலத்தில் வழிகாட்டிக் கையேடுகள் கிடைக்கின்றன. நம் மாணவருக்கும் தமிழில் அப்படி ஒன்று வேண்டும். தெருக்களின் பெயர்களும், பார்க்க வேண்டிய இடங்களின் சுருக்கமான வரலாறும், மலசலகூடங்கள் உள்ள இடங்களும் குறிக்கப்பட்ட ஒரு வரைபடத்தைத் தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் வெளியிட முடியுமாயின், அதைத் தயாரிப்பதில் உதவ நானும் என் சக ஆசிரியர்களும் ஆயத்தமாக உள்ளோம்.

இவ்வண்ணம்,
ஓர் ஆசிரியை,
பொகவந்தலாவை.