சில்வர் ஓக்கும் கரிமண் பாசியும்

அன்புள்ள மாணிக்கம்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே ஏற்காட்டில் காபிப் பறிப்பு முடிந்து மிளகு ஓடுகிறது, ஏணி ஏற ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு.

பாப்பா பிளஸ் ஒன் தாவரவியலில் சந்ததி மாற்றம் பிடிபடாமல் தவிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்டா அது, அவளுக்குப் படித்துக் காட்டு. செடியின் வாழ்க்கையில் குரோமோசோம் இரண்டு தொகுதி உள்ள தலைமுறையும் ஒரு தொகுதி உள்ள தலைமுறையும் மாறி மாறி வருவதுதான் சந்ததி மாற்றம்.

தோட்டத்தில் காபிக்கு நிழலாகவும் மிளகுக்கொடி ஏறவும் நிற்கிறதே சில்வர் ஓக், கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், நூறு அடிக்குக்கூட வளரும், ஆரஞ்சு நிறத்தில் சீப்பு சீப்பாகப் பூக்கும். ஃபியூனேரியா பாசி தீ எரிந்த மண்ணில் சீக்கிரம் குடியேறுவது, ஓரிரு சென்டிமீட்டர்தான் உயரம். மரத்து இலைக்கு ஈடான ஜோடி பாசி இலை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மரத்தின் வேர், தண்டு, இலைச் செல்களில் குரோமோசோம் இரண்டு தொகுதி, பாசியின் பச்சைச் செடியில் ஒன்றே ஒன்று. மரத்துக்கு உண்மையான ஜோடி, பாசியின் தலையில் மெல்லிய காம்போடு நிற்கும் அந்தப் பழுப்புக் குமிழ். தாய்ச்செடியை ஒட்டியே பிழைத்து, ஸ்போர் என்ற நுண்வித்துகளைத் தூவிவிட்டுக் காய்ந்துபோகும். சரி, பாசியின் பச்சைக்கு மரத்தில் ஜோடி எது? மகரந்தத்துக்குள் இரண்டு மூன்று செல், சூலுக்குள் ஏழு செல், அவ்வளவுதான்! பாசியில் வாழ்க்கை முழுக்க நடத்துகிற தலைமுறை, மரத்தில் பூவுக்குள் ஒடுங்கிவிட்டது.

குரோமோசோம் என்ற பேச்சே இல்லாத 1851-இல் ஹோஃப்மைஸ்டர் என்ற ஜெர்மன்காரர் பாசி முதல் ஊசியிலை மரம் வரை இந்த ஒற்றுமையைக் கண்டு எழுதினார். கல்லூரியில் படிக்காதவர், கடை வியாபாரத்துக்கு நடுவே தானாகப் படித்தவர், முப்பது வயதுகூட ஆகவில்லை. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு மரியாதை.

அப்புறம், பாசியின் ஆண் செல் நீந்தித்தான் போகணும், அதனால் மழையோ பனியோ ஒரு படலம் ஈரம் வேண்டும். சில்வர் ஓக்குக்கு அந்தக் கவலை இல்லை. பூ விரியும் முன்பே மகரந்தம் சூல்தண்டின் நுனியில் ஒட்டியிருக்கும், தேன் குடிக்க வரும் பறவை அதைச் சுமந்துகொண்டு அடுத்த மரத்துக்குப் போகும்.

பரீட்சைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்து வா, இருபது கொண்டை ஊசி வளைவுதானே. கைலென்ஸ் இருந்தால் எடுத்துவரச் சொல். குமிழின் மூடி கழன்றிருந்தால் வாயில் இரண்டு வட்டமாகப் பதினாறு பதினாறு பற்கள் தெரியும், மூச்சுக்காற்றின் ஈரம் பட்டாலே வெளிவட்டப் பற்கள் அசையும். எந்த ஞாயிறு என்று மட்டும் முன்கூட்டியே எழுது, அன்றைக்கு மிளகு வேலை வைத்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
செல்வம்