பந்திவிசாரணையில் தெரியும் தாழ்மை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்தவ ஊழியத்தில் தாழ்மை என்றாலே பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்குதான் பேச்சில் வருகிறது. இயேசு தம் சீஷர்களின் பாதங்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் 13-ஆம் அதிகாரம் அத்தனை ஆழமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு நாள் குனிவது எளிது. தன் கையிலிருக்கும் பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுப்பதுதான் கடினம்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் இது விளங்கும். அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் பன்னிருவரும் அதை மறுக்கவில்லை, முறுமுறுத்தவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடமே விட்டார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அந்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்களே. குறைப்பட்ட தரப்புக்கு நெருக்கமானவர்களிடமே பந்திவிசாரணை, அதாவது உணவைப் பங்கிடும் பொறுப்பு, போய்ச் சேர்ந்தது என்று கொள்ள இடமிருக்கிறது. இன்று ஒரு குறை எழுந்தால், சொன்னவருடைய ஆவிக்குரிய நிலையை ஆராயத் தொடங்கிவிடுகிறோம். இது வேதனையானது.

பணத்திலும் அப்படியே. எருசலேம் சபைக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியே கையாளவில்லை. ஒருவரும் குற்றம் சாட்ட இடமிருக்கக் கூடாது என்று, சபைகளால் நியமிக்கப்பட்ட ஒரு சகோதரரையும் கூட வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21). நம் சபைகளிலும் காணிக்கையை, ஒருவருக்கொருவர் உறவினர் அல்லாத இருவர் சேர்ந்து எண்ண வேண்டும். தொகையை அப்போதே எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வங்கியில் கட்டுபவர் மூன்றாமவராக இருக்கட்டும். "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுத் தனியாக எண்ணுகிறவர், தொகை குறையும் நாளில் தன்னைக் காத்துக்கொள்ள எந்தச் சான்றும் இல்லாமல் நிற்பார். கணக்கைக் காட்டச் சம்மதிப்பதும் தாழ்மைதான்.

பொறுப்பை ஒப்படைக்கும் முறைக்கு, மடத்துத் துறவிகளுக்காக 6-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புனித பெனடிக்டின் ஒழுங்கு நல்ல வழிகாட்டி. அதன் 35-ஆம் அதிகாரப்படி, சகோதரர்கள் வாரமுறை வைத்துச் சமையலறையில் பணிசெய்ய வேண்டும். வாரம் முடிக்கிறவர் பாத்திரங்களைச் சுத்தமாக, சேதமில்லாமல் பண்டகப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். முடிக்கிறவரும் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாதம் கழுவுதல் அங்கே பாத்திரக் கணக்கோடு சேர்ந்தே வருகிறது! இன்னொன்றும் உண்டு: பரிமாறுகிறவர்கள் முறுமுறுப்பும் களைப்பும் இல்லாமல் பணிசெய்ய, உணவு வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பே அவர்களுக்கு வழக்கமான அளவுக்கு மேல் கொஞ்சம் அப்பமும் பானமும் கொடுக்கச் சொல்கிறது.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். தன்னை ஒப்புக்கொடுத்தல் என்ற சொல்லை வைத்து, மறுத்துப் பேசத் தெரியாத ஒருவர் மேலேயே ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, நோயாளிகளைச் சந்திப்பது என்று எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறோம். அவர் சோர்ந்து விலகும்போது விசுவாசம் குறைந்துவிட்டது என்கிறோம். "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று தம் ஜீவனைக் குறித்து இயேசு சொன்னார் (யோவான் 10:18). தானாகக் கொடுப்பதுதான் ஒப்புக்கொடுத்தல். மற்றவரிடம் அதைக் கேட்டு வாங்க எந்தத் தலைவருக்கும் உரிமையில்லை. சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷர்களை, தனித்துப்போய்ச் சற்றே இளைப்பாறும்படி அழைத்தவரும் அவரே (மாற்கு 6:31).

ஆகவே ஒருவரிடம் ஊழியப் பொறுப்பைக் கொடுக்கும்போதே மூன்றை எழுதி வைக்க வேண்டும்: எத்தனை காலம், உடன் கற்றுக்கொள்ளும் இரண்டாமவர் யார், ஓய்வு எப்போது. இரண்டாமவர் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும்வரை அந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

இப்படிக்கு,
சபை ஊழியத்தில் அக்கறையுள்ள ஒரு வாசகர்