டாங்கிள் பெட்டியின் மேல் சிப்பின் பெயரையும் போடச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் விடாமல் எழுதி வருகிறீர்கள். நல்ல விஷயம், நானும் பல வருடமாக அதையேதான் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரைகள் எல்லாமே லினக்ஸ் நிறுவி முடிந்து முதல் திரை வந்ததும் நின்றுவிடுகின்றன. மக்கள் திண்டாடுவது அதற்கு அப்புறம்தான். பல பழைய டெஸ்க்டாப்களில் வைஃபை கிடையாது, ரவுட்டர் வேறொரு அறையில் இருக்கும், அவ்வளவு தூரம் கேபிள் இழுக்க முடியாது, சரி என்று ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள், அதாவது கணினிக்கு வைஃபை கொடுக்கும் சிறு கருவி, வாங்கிச் செருகுகிறார்கள். அது வேலை செய்வதில்லை. இரண்டு நாள் முட்டி மோதிவிட்டு லினக்ஸே வேண்டாம் என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். இப்படித் திரும்பிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் டெஸ்க்டாப்புக்கு ஒரு டாங்கிள் வாங்கினேன். செருகியதும் வேலை செய்தது, எந்த டிரைவரும் (கருவியை இயக்கும் நிரல்) போட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வருடம் தம்பி கேட்டான், அதே மாடல் எண்ணைக் கொடுத்து அதையே வாங்கச் சொன்னேன். வாங்கி வந்தான். அதே பெட்டி, அதே படம், அதே வடிவம். செருகினால் விளக்குகூட எரியவில்லை. என் கணினியில் போட்டுப் பார்த்தோம், அவன் கணினியில் போர்ட் மாற்றி மாற்றிப் பார்த்தோம், லினக்ஸையே ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி நிறுவினோம், ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போனது. கடைசியில் டாங்கிளின் பின்பக்கம் கண்ணுக்கே தெரியாத எழுத்தில், மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் பதிப்பு இரண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்தோம். என்னுடையது பதிப்பு ஒன்று. உள்ளே இருந்தது முற்றிலும் வேறொரு நிறுவனத்தின் சிப்!

இது ஏதோ எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. லினக்ஸ் ஆட்களிடையே பேர் வாங்கிய ஒரு மாடலின் முதல் பதிப்பில் இருந்தது ஆத்தரோஸ் ஏஆர்9271 என்ற சிப். அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, சிப்புக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரின் மூலநிரலைக்கூட வெளியிட்டிருக்கிறார்கள். அதே மாடலின் இரண்டாம் பதிப்பில் வந்தது ரியல்டெக் ஆர்டிஎல்8188இயுஎஸ். விண்டோஸில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமலேயே போய்விடும், உற்பத்தியாளர் தரும் டிரைவர் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். லினக்ஸுக்கு மாடல் பெயரால் ஒரு பயனும் இல்லை, அதற்கு உள்ளே இருக்கும் சிப்தான் கணக்கு.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது சிப்பின் பெயரைக் கண்டுபிடிப்பது. டாங்கிளைச் செருகிவிட்டு டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) எல்எஸ்யுஎஸ்பி (lsusb) என்ற கட்டளையைக் கொடுத்தால், யுஎஸ்பியில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி வரும், ஒவ்வொரு வரியிலும் நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு எழுத்து என்று ஓர் அடையாள எண் இருக்கும். முதல் பாதி தயாரிப்பாளரைச் சொல்கிறது, இரண்டாம் பாதி பொருளைச் சொல்கிறது. உதாரணத்துக்கு 148எஃப்:7601 என்று வந்தால், முன்பாதி ராலிங்க் நிறுவனத்தின் எண், உள்ளே இருப்பது எம்டி7601யு, அதற்கான டிரைவர் 2015-லிருந்தே கெர்னலில் உண்டு. எந்த வரி டாங்கிளுடையது என்று தெரியவில்லையா, பிடுங்கிவிட்டு ஒருமுறை, செருகிவிட்டு ஒருமுறை கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். புதிதாக வந்த வரிதான் அது. உதவி கேட்கும்போதும் மாடல் பெயரைச் சொல்லாமல் இந்த எண்ணைச் சொல்லுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

செருகினாலும் புதிய வரியே வரவில்லை என்றால் அது டிரைவர் பிரச்சினை இல்லை. போர்ட்டோ, நீட்டிப்புக் கேபிளோ, டாங்கிளோ கெட்டிருக்கிறது. முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டு மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்கப் போர்ட்டில் போட்டுப் பார்ப்பது நல்லது. யுஎஸ்பி 2.0 போர்ட் அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி, அதையும் மின்சாரம் தனியாக இல்லாத ஒரு ஹப்பில் நாலு பொருளுக்குப் பங்கு போட்டால் டாங்கிள் விழுந்து விழுந்து எழுந்திருக்கும்.

இன்னொன்று பலரையும் ஏமாற்றுவது. சில டாங்கிள்கள் விண்டோஸ் டிரைவரைத் தங்களுக்குள்ளேயே சுமந்துகொண்டு வரும். செருகியதும் முதலில் ஒரு சிடி டிரைவ் போலக் காட்டிக்கொள்ளும், விண்டோஸ் அதிலிருந்து டிரைவரை எடுத்துப் போட்டபிறகுதான் வைஃபையாக மாறும். லினக்ஸில் அப்படி மாற்றிவிட யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்று ஒரு சிறு நிரல் இருக்கிறது. உங்கள் டாங்கிளைக் கோப்பு மேலாளர் ஒரு டிஸ்க்காகக் காட்டினால், டிரைவர் தேடி அலைவதற்கு முன் அந்த நிரல் இருக்கிறதா என்று பாருங்கள். இதைத் தெரியாமல், சரியான டிரைவரையே பத்து தடவை அழித்துப் போட்டவர்கள் உண்டு.

அப்புறம் டிமெசேஜ் (dmesg) என்று ஒரு கட்டளை, கெர்னல் தனக்குள் எழுதிவைக்கும் நாட்குறிப்பைக் காட்டும். டாங்கிளைச் செருகியவுடன் அதன் கடைசி இருபது முப்பது வரிகளைப் படிப்பதைப்போல உதவியான காரியம் வேறு இல்லை. ஆங்கிலத்தில் இருக்கிறதே, புரியாதே என்று ஒதுங்க வேண்டாம், தேட வேண்டியது ஒன்றிரண்டு சொல்தான். ஃபர்ம்வேர் என்ற சொல்லும் பக்கத்தில் மைனஸ் 2 என்ற பிழை எண்ணும் இருந்தால், டிரைவர் ஒழுங்காகத்தான் இருக்கிறது, சிப்புக்குள் ஏற்ற வேண்டிய கோப்புதான் வட்டில் இல்லை என்று அர்த்தம், உங்கள் லினக்ஸ் வகைக்கான ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவினால் தீர்ந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இந்தத் தொல்லை வெகுகாலம் இருந்தது, 2023-ல் வந்த டெபியன் 12 முதல் இந்தக் கோப்புகளை நிறுவல் வட்டிலேயே சேர்த்துக் கொடுக்கிறார்கள். மைனஸ் 71 என்று திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் கேபிள், போர்ட் பக்கம் கோளாறு. எல்லாம் சரியாக இருந்தும் நெட்வொர்க் பட்டியல் வரவில்லையென்றால் ஆர்எஃப்கில் (rfkill) கட்டளையைப் போட்டு வைஃபை அணைத்துவைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, கெர்னலில் டிரைவர் இல்லாத சிப் கையில் மாட்டுவதுதான். அப்போது யாரோ ஒருவர் தன் சொந்த நேரத்தைச் செலவழித்துக் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டுவைத்திருக்கும் டிரைவரை இறக்கி, நம் கணினியிலேயே கம்பைல் செய்து (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றி) போட வேண்டும். அந்த மனிதர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன், அவர்கள் இல்லையென்றால் எத்தனையோ டாங்கிள்கள் குப்பையில்தான் கிடக்கும். ஆனால் இப்படிப் போடுகிற டிரைவர் அந்த நேரத்துக் கெர்னலுக்குத்தான். ஒரு நாள் அப்டேட் வந்து புதிய கெர்னல் ஏறும், மறுநாள் காலையில் இணையம் இருக்காது. டிகேஎம்எஸ் (DKMS) என்ற கருவி வழியாக நிறுவியிருந்தால் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதுவே மறுபடி கம்பைல் செய்துகொள்ளும், அதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர் தொகுப்பும் (கம்பைல் செய்யத் தேவைப்படும் கோப்புகள்) கூடவே இருக்க வேண்டும். அதுவும் தவறிப்போனால் கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம், அதில் டாங்கிள் முன்போலவே ஓடும். இந்த ஒரு வரி தெரியாததால் எத்தனை பேர் கணினியையே அழித்து முதலிலிருந்து நிறுவுகிறார்கள் தெரியுமா.

இதிலேயே செக்யூர் பூட் என்று இன்னொரு பூட்டு இருக்கிறது. அது இயங்கும் கணினியில், கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் இப்படி டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்பார்கள், கணினி மறுபடி தொடங்கும்போது ஒரு நீலத் திரை பத்து வினாடி நின்று கேள்வி கேட்கும். பயந்துபோய் அதை அப்படியே தாண்டிவிடுகிறார்கள் பெரும்பாலானவர்கள். தாண்டக் கூடாது. ஏதாவது ஒரு விசையைத் தட்டி உள்ளே போய், என்ரோல் என்று தொடங்கும் வரியைத் தேர்ந்து, முன்பு கொடுத்த கடவுச்சொல்லைக் கொடுத்தால் டிரைவர் ஏறிவிடும்.

வைஃபையே இல்லாத கணினியில் டிரைவரை எப்படி இறக்குவது என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, கைபேசி அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும், லினக்ஸ் அதைக் கம்பி வழி இணையமாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் வேண்டாம். கைபேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே கணினிக்கும் கொடுக்கும்.

சரி, இணைந்துவிட்டது, ஆனால் வேகமே இல்லை, அறுந்து அறுந்து போகிறது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் மாட்டியிருக்கும் வட்டும் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்புகிறது, இன்டெல் நிறுவனமே இதை 2012-ல் ஓர் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. டெஸ்க்டாப்பின் பின்பக்கம், தகரப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், வெளி வட்டுக்குப் பக்கத்திலேயே டாங்கிளைச் செருகிவைத்தால் அது என்ன செய்யும் பாவம். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் வாங்கி டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அதன்பிறகும் அறுந்தால் நெட்வொர்க் மேனேஜரில் வைஃபையின் மின்சேமிப்பை அணைத்துவிடுங்கள், டெஸ்க்டாப்பில் பேட்டரியா இருக்கிறது சேமிப்பதற்கு.

இனிமேல்தான் வாங்கப் போகிறேன் என்பவர்கள் மாடலைப் பார்க்காமல் சிப்பைப் பார்த்து வாங்கட்டும். மீடியாடெக் எம்டி7610யு, எம்டி7612யு இரண்டுக்கும் 2018-ல் வந்த 4.19 கெர்னலிலிருந்து டிரைவர் உள்ளேயே இருக்கிறது. வைஃபை 6 வேண்டுமானால் எம்டி7921ஏயு, 2022-ல் வந்த 5.18-லிருந்து. ரியல்டெக்கும் முன்போல இல்லை, ஆர்டிஎல்8821சியு, ஆர்டிஎல்8822பியு போன்றவற்றுக்கு 2023-ல் வந்த 6.2-லிருந்து கெர்னலிலேயே டிரைவர் வந்துவிட்டது, ஆண்டுக்கணக்கில் எல்லோரையும் பாடாய்ப் படுத்திய ஆர்டிஎல்8812ஏயு-வுக்கும் 2025-ல் வெளிவந்த கெர்னல்களில் வந்தாகிவிட்டது. அதனால் பழைய டாங்கிளை மூலையில் போட்டுவைத்திருப்பவர்கள், புதிய லினக்ஸ் பதிப்பு ஒன்றை நிறுவாமலே யுஎஸ்பி குச்சியிலிருந்து ஓட்டி, அதை மறுபடி ஒருமுறை செருகிப் பார்க்கலாம்.

ஆனால் சிப்பைப் பார்த்து வாங்கு என்று நான் சொல்லிவிடலாம், எங்கே பார்ப்பது? பெட்டியில் வேகம் கொட்டை எழுத்தில் இருக்கிறது, ஆன்டெனா படம் இருக்கிறது, சிப்பின் பெயர் மட்டும் இல்லை. லினக்ஸ் என்று போட்டிருந்தாலும் எந்தக் கெர்னல் என்று போடுவதில்லை, உள்ளே தரும் டிரைவர் ஏதோ ஒரு பழைய கெர்னலுக்கு எழுதியதாக இருக்கிறது. சிப்பை மாற்றினால் மாடல் எண்ணையும் மாற்றுங்கள், அல்லது பதிப்பு எண்ணைப் பெட்டியின் முன்பக்கத்தில் படிக்கிற அளவில் போடுங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கையா? ஒரு வரி அச்சு, அவ்வளவுதான். என் தம்பியின் டாங்கிள் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, அவன் இருபது மீட்டர் கேபிள் வாங்கிச் சுவரோரமாக இழுத்துவிட்டான்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டாங்கிள், ரவுட்டர் போன்ற பொருள்களுக்கு உங்கள் பக்கத்தில் மதிப்புரை வரும்போது விலை, வேகம், வடிவம் எல்லாம் எழுதுகிறீர்கள். அதோடு சிப்பின் பெயர், பதிப்பு எண், எந்தக் கெர்னலில் செருகிப் பார்த்தீர்கள் என்ற மூன்றையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். அடுத்த மதிப்புரையிலிருந்தே தொடங்கினால் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்