முதல் வகுப்புப் பயணச்சீட்டே ஓய்வுக்கூடத்தின் அனுமதிச்சீட்டாக இருக்க வேண்டி ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர்,
தென்மாவட்டம், தமிழ்நாடு.
(பெயரும் முகவரியும் மனுவின் முதற்படியில் உள்ளவாறு)

பெறுநர்
உயர்திரு பொது மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே தலைமை அலுவலகம்,
பார்க் டவுன், சென்னை – 600 003.

பொருள்: ரயில் நிலைய ஓய்வுக்கூடங்கள் – குளிர்சாதன முதல் வகுப்புப் பயணிகளுக்கும் சிகிச்சைக்காகப் பயணம் செய்வோருக்கும் தனிக் கட்டணமின்றி அனுமதி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு 71 வயதாகிறது. நடுக்குவாத (பார்க்கின்சன்) நோயால் அவதிப்படும் என் மனைவியை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்து வந்து திரும்புகிறேன். சில ஆண்டுகளாக நாங்கள் குளிர்சாதன முதல் வகுப்பில்தான் பயணம் செய்கிறோம். வசதி மிகுந்து அப்படிச் செல்லவில்லை. நேரம் தவறாமல் மாத்திரை கொடுக்கவும், விறைத்துப்போகும் கால்களை நீவிவிடவும், பிறர் பார்வை படாமல் அவர் உடை மாற்றிக்கொள்ளவும் கதவைச் சாத்திக்கொள்ளும் வசதி அந்தப் பெட்டியில் மட்டுமே இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டதால், முழுக் கட்டணத்தையும் அதன்மேல் 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியையும் செலுத்தியே பயணச்சீட்டு வாங்குகிறோம். பெட்டிக்குள் எங்களுக்குக் குறை ஏதுமில்லை. ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் நிலையத்தில் கழிக்க வேண்டியுள்ள நேரத்தைப் பற்றியதே இந்த மனு.

சில மாதங்களுக்கு முன் ஒரு சந்திப்பில், இரவு 10 மணிக்குப் புறப்பட வேண்டிய எங்கள் ரயில் மூன்றரை மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். உயர் வகுப்புக் காத்திருப்போர் அறை சீரமைப்புப் பணிக்காகப் பூட்டப்பட்டிருந்தது. அதே நடைமேடையில் ஒப்பந்ததாரர் ஒருவர் நடத்தும் குளிர்சாதன ஓய்வுக்கூடம், லவுஞ்ச் என்ற பலகையுடன், விளக்கெரியத் திறந்திருந்தது. வாசலில் இருந்த இளைஞரிடம் முதல் வகுப்புச் சீட்டைக் காட்டினேன். "இது செல்லாதுங்க ஐயா, எந்த பேங்க் கிரெடிட் கார்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். என்னிடம் இருந்தது ஓய்வூதியக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை மட்டுமே. ரொக்கமாகக் கட்டணம் செலுத்துகிறேன் என்றேன். அட்டை வைத்திருப்பவர்களாலேயே இருக்கைகள் நிரம்பிவிட்டன என்றார். என் மனைவி நடைமேடையின் இரும்பு இருக்கையில், கால்களைப் பெட்டியின் மீது நீட்டிக்கொண்டு, பின்னிரவு ஒன்றரை மணி வரை அமர்ந்திருந்தார். ரயில் வந்தபோது அவருடைய உடல் முழுவதும் விறைத்துப்போயிருந்தது. சுமைதூக்கும் தொழிலாளர்கள் இருவர் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். அந்த இளைஞர் மீது எனக்கு வருத்தமில்லை. தனக்குச் சொல்லப்பட்ட விதியைத்தான் அவர் சொன்னார்; உள்ளிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவந்து கொடுத்தார். யாரையும் தண்டிக்கக் கோரி இதை எழுதவில்லை என்பதால்தான் நிலையத்தின் பெயரையோ ஒப்பந்ததாரரின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை.

என் மகன் வியன்னாவிலும் மகள் சிகாகோவிலும் வசிக்கிறார்கள். அவர்களைப் பார்க்கச் சென்றபோது அவ்வூர் நிலையங்களின் முதல் வகுப்பு ஓய்வுக்கூடங்களில் நாங்கள் இருவரும் காத்திருந்திருக்கிறோம். மேற்சொன்ன இரவுக்குப் பிறகு, மற்ற நாடுகளின் விதிகளையும் தேடிப் படித்து நம்முடையவற்றுடன் ஒப்பிட்டுப் பார்த்தேன். சோபாவின் மென்மையையும் பலகாரத்தின் சுவையையும் நான் ஒப்பிடவில்லை. கதவைத் திறந்துவிடும் தகுதி எது, ரயில் தாமதமானாலோ வேளைகெட்ட வேளையில் வந்து சேர்ந்தாலோ பயணியின் நிலை என்ன என்ற இரண்டை மட்டுமே பார்த்தேன்.

வியன்னா மத்திய நிலையத்தில் ஆஸ்திரிய ரயில்வே நடத்தும் ஓய்வுக்கூடத்திற்குள் செல்ல அன்றைய முதல் வகுப்புப் பயணச்சீட்டு போதும். காபியும் குளிர்பானமும் சிறு தின்பண்டமும் அந்தச் சீட்டின் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஜெர்மானிய ரயில்வே இதைச் சற்று இறுக்கி வைத்திருக்கிறது. அங்கே மலிவு விலையில் முன்கூட்டியே வாங்கிய முதல் வகுப்புச் சீட்டு செல்லாது. எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற முழுக் கட்டணச் சீட்டு வைத்திருப்பவரும், அடிக்கடி பயணம் செய்து உயர்நிலைத் தகுதி பெற்றவருமே உள்ளே செல்லலாம். அதிகம் கட்டியவருக்கு அதிக வசதி என்ற அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டாலும்கூட, முழுக் கட்டணம் செலுத்திய என்னைப் போன்ற பயணியை அது வெளியே நிறுத்தாது.

சிகாகோவின் யூனியன் நிலையம் நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் நெடுந்தூர ரயில்கள் பல அங்கே வந்து முடிகின்றன, அங்கிருந்தே புறப்படுகின்றன. அவை தாமதமாவதும் வழக்கம். ஒரு ரயிலில் இருந்து இறங்கி மற்றொன்றில் ஏற மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியவர்களுக்காக, அந்நாட்டின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்டிராக் அங்கே மெட்ரோபாலிட்டன் லவுஞ்ச் என்ற பெரிய கூடத்தை நடத்துகிறது. படுக்கைப் பெட்டிப் பயணிகளுக்கு அங்கே தனிக் கட்டணம் இல்லை. குளியலறை இருக்கிறது, கைப்பைகளை விட்டுவிட்டு ஊரைச் சுற்றிவரலாம். மற்றவர்கள் இடம் இருந்தால் ஒரு நாள் அனுமதிச்சீட்டை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். உரிமை உள்ளவருக்கு முதலில் இடம், மீதியே விற்பனைக்கு என்ற இந்த வரிசையைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். நம் நாட்டில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

லண்டன் பாடிங்டன் நிலையத்தின் முதல் நடைமேடையில் உள்ள முதல் வகுப்பு ஓய்வுக்கூடம் ஒரு காலத்தில் விக்டோரியா அரசியின் குடும்பத்துக்கான காத்திருப்பு அறையாக இருந்த இடம். அந்தப் பழம்பெருமையைவிட, அங்கிருந்து இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வால் செல்லும் இரவு ரயிலின் பயணிகளுக்குச் செய்யப்பட்டுள்ள ஏற்பாடே என் மனத்தில் பதிந்தது. பாடிங்டனில் மட்டுமல்லாமல் மறுமுனையில் உள்ள பென்சான்ஸ், துரோ ஆகிய சிறிய நிலையங்களிலும் படுக்கைப் பெட்டிப் பயணிகளுக்கு ஓய்வுக்கூடமும் குளியலறையும் உண்டு. லண்டன் திரும்பும் ரயில் விடியற்காலை 5 மணியளவிலேயே வந்து நின்றுவிட்டாலும், ஏழு மணிக்குச் சற்று முன்பு வரை படுக்கையை விட்டு எழாமல் பெட்டியிலேயே இருக்கலாம். அதிகாலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் நம் ஊர்களில் இறங்கி, முதல் பேருந்துக்காகச் சுவரோரம் சாய்ந்து நிற்கும் முதியோரைத் தினமும் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தோக்கியோவில் ரயில்கள் நொடி தவறாமல் புறப்படுவதால் காத்திருக்கும் தேவையே குறைவு. ஆயினும், அதிவேக ரயில்களில் 2011இல் அறிமுகமான கிரான்கிளாஸ் என்ற மிக உயர்ந்த வகுப்பின் பயணிகளுக்கு அங்கே ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட கடன் அட்டை வைத்திருப்பவர்களும் அதே அறைக்குள் வரலாம். வங்கியோடு உடன்பாடு செய்துகொண்டால் பயணச்சீட்டுக்கு இடமளிக்க இயலாது என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வார்களேயானால், இரண்டும் ஒரே வாசலில் நுழைய முடியும் என்பதற்கு அந்த அறையே சான்று.

இனி நம் நாட்டின் நிலை. ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் புது தில்லி, ஜெய்ப்பூர், ஆக்ரா கண்டோன்மெண்ட், அகமதாபாத், சியால்டா, வாரணாசி, மதுரை ஆகிய நிலையங்களில் எக்ஸிகியூட்டிவ் லவுஞ்ச் என்ற பெயரில் தரமான ஓய்வுக்கூடங்களைத் தொடங்கியது. நல்ல இருக்கைகள், வைஃபை, ரயில் நேரங்களைக் காட்டும் திரை, உணவு, தூய்மையான கழிப்பறை ஆகியவற்றை அவற்றின் வசதிகளாக அறிவித்திருக்கிறது. எந்த வகுப்பில் செல்பவரும் கட்டணம் செலுத்தி உள்ளே போகலாம் என்ற அளவில் அது நியாயமான ஏற்பாடு. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் மணிக்கணக்கில் ஏறும் கட்டணம் ரயிலின் தாமதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சில வங்கிகளின் கடன் அட்டைகளோ பெயரளவிலான தொகைக்கு அந்தக் கதவைத் திறந்துவிடுகின்றன. ஆக, ரயில்வேக்கு மிக அதிகக் கட்டணம் செலுத்திய பயணியின் சீட்டுக்கு ரயில்வே வளாகத்திலேயே மதிப்பில்லாமல், வங்கி கொடுத்த அட்டைக்கு மதிப்பு இருக்கிறது.

நான் கேட்பது வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய வழக்கமும் அன்று. நீண்ட கைப்பிடியுள்ள சாய்வு நாற்காலியும் ஆளுயரக் கண்ணாடியும் குளியலறையும் கொண்ட முதல் வகுப்புக் காத்திருப்பு அறைகளை என் தலைமுறையினர் கண்ணால் பார்த்திருக்கிறோம்; அவற்றின் வாசலில் பயணச்சீட்டைத் தவிர வேறெதையும் யாரும் கேட்டதில்லை. பிற்காலத்தில் அவை உயர் வகுப்புக் காத்திருப்போர் அறைகளாகி, குளிர்சாதன வகுப்பினர் பலருக்கும் பொதுவாயின. அது நல்ல மாற்றமே. ஆனால் எல்.எச்.பி. எனப்படும் புதிய வகைப் பெட்டிகள் கொண்ட ரயிலில் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றில் மட்டும் 72 பேர். அத்தகைய பெட்டிகள் ஒரு ரயிலில் பல. இரண்டு ரயில்கள் அடுத்தடுத்துப் புறப்படும் இரவில், முப்பது நாற்காலிகள் கொண்ட அறை யாருக்குப் போதும்?

அதே எல்.எச்.பி. ரயிலில் முழு முதல் வகுப்புப் பெட்டி ஒன்றில் இருப்பவை 24 படுக்கைகள் மட்டுமே. அவற்றில் பயணம் செய்வோரில் பலர் உள்ளூர்க்காரர்கள். ரயில் புறப்படும் நேரத்திற்குத்தான் நிலையத்துக்கு வருவார்கள். எனவே ஓய்வுக்கூடத்தை நாடக்கூடியவர்கள் ஒரு ரயிலுக்குச் சிலரே. அவர்களுக்கு இடமளிப்பதால் ஒப்பந்ததாரருக்கோ ரயில்வேக்கோ பெரும் இழப்பு நேராது என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ரயில்வே அளிக்கும் காத்திருப்பு அறை, தங்கும் அறை, பொருள் பாதுகாப்பறை, மின்கல வண்டி ஆகிய சேவைகளுக்கு வரிவிலக்கு அளிக்கலாம் என்று சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் 2024 ஜூன் 22 அன்று தன் 53ஆவது கூட்டத்தில் பரிந்துரைத்தது. இவையெல்லாம் ஆடம்பரம் அல்ல, பயணத்தின் பகுதி என்ற எண்ணத்தையே அதில் நான் காண்கிறேன்.

தரையில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் பொதுவகுப்புப் பயணியை விட்டுவிட்டு முதல் வகுப்பாருக்கு மேலும் சலுகை கேட்கலாமா என்ற கேள்வி இம்மனுவைப் படிப்பவருக்கு எழலாம். எனக்கும் எழுந்தது. அதனால்தான் என் கோரிக்கையை என் வகுப்போடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. புற்றுநோய், சிறுநீரக நோய் போன்றவற்றுக்காகச் சிகிச்சைக்குச் செல்வோருக்கு ரயில்வே ஏற்கெனவே கட்டணச் சலுகை வழங்குகிறது. அந்தச் சலுகைச் சீட்டு வைத்திருக்கும் நோயாளியும் உடன் வருபவரும் எந்த வகுப்பில் சென்றாலும் ஓய்வுக்கூடத்தில் அனுமதிக்கப்பட வேண்டும். என் மனைவியைவிட மெலிந்த உடலோடு, படுக்கை வசதி வகுப்பில் செல்ல நடைமேடையில் காத்திருந்த ஒரு பெண்ணை அன்றிரவு பார்த்தேன். அவருக்கும் அந்தக் கதவு மூடியே இருந்தது. மேலும், ஓய்வுக்கூடம் அமைப்பதற்காகப் பொதுக் காத்திருப்புக் கூடத்தில் ஓர் அடி இடம்கூடக் குறைக்கப்படக் கூடாது என்பதையும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே, தெற்கு ரயில்வேயில் இனி விடப்படும் ஓய்வுக்கூட ஒப்பந்தங்களிலும், புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்களிலும், குளிர்சாதன முதல் வகுப்புச் சீட்டின் பி.என்.ஆர். எண்ணையும் அடையாள அட்டையையும் காட்டுவோருக்குத் தனிக் கட்டணமின்றி, ரயில் புறப்படும் நேரத்திற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து அனுமதி வழங்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். ரயில் தாமதமானால் அது உண்மையில் புறப்படும் வரை அந்த அனுமதி நீள வேண்டும். கட்டணம் செலுத்தி உள்ளே வந்த மற்ற பயணிகளிடமும் தாமதமான நேரத்திற்குக் கூடுதல் தொகை பெறக் கூடாது. நள்ளிரவுக்கும் விடியற்காலை 5 மணிக்கும் இடையில் வந்து இறங்குவோர் காலை 7 மணி வரை தங்க இடம் தரப்பட வேண்டும். பயணச்சீட்டுதாரர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒரு பகுதி இருக்கைகளை எந்நேரமும் ஒதுக்கி வைத்து, எஞ்சியவற்றை மட்டும் அட்டைதாரர்களுக்கு அளிக்க வேண்டும். உணவை இலவசமாகக் கேட்கவில்லை. அதற்குரிய விலையைத் தரத் தயாராக இருக்கிறோம். உட்கார ஓர் இடமும், சக்கர நாற்காலி நுழையும் அளவு அகலமான கழிப்பறைக் கதவும், காதில் விழும்படி ரயில் அறிவிப்பும் போதும். இவ்விதிகளும் கட்டண விவரமும் வாசலிலேயே தமிழில் பெரிய எழுத்துகளில் எழுதிவைக்கப்பட வேண்டும்.

எல்லா நிலையங்களிலும் ஒரே நாளில் நடைமுறைப்படுத்துவது கடினம் என்பதை உணர்கிறேன். இரவு ரயில்கள் மிகுந்த சென்னை எழும்பூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, கோயம்புத்தூர் நிலையங்களில் ஆறு மாத காலத்திற்கு முன்னோட்டமாகச் செய்து பார்த்து, எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற கணக்கைக் கொண்டு மேல்முடிவு எடுக்கலாம். உயர் வகுப்புக் காத்திருப்போர் அறையைச் சீரமைப்புக்காக மூட நேர்ந்தால், மாற்று இடம் ஏற்பாடு செய்யாமல் மூடக் கூடாது என்ற அறிவுறுத்தலை மட்டும் முன்னோட்டத்துக்குக் காத்திராமல் இப்போதே அனைத்து நிலையங்களுக்கும் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எங்களின் அடுத்த பயணம் இன்னும் ஐந்து வாரங்களில் இருக்கிறது. இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையைத் தமிழில் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இணைப்பு: அன்றைய பயணச்சீட்டின் நகல்; மனைவியின் மருத்துவச் சான்றிதழின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)