தமனெயைப் பொங்கல் என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் உலக நாடுகளின் குளிர்காலப் பண்டிகைகளைப் பற்றி வந்த கட்டுரையை இங்கே யாங்கோனில் பல தமிழ்க் குடும்பங்கள் படித்தோம். ஐரோப்பாவுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைத்திருக்கிறது. மியன்மாருக்கு ஒரு பத்தி. அந்தப் பத்தியிலோ நாளும் தவறு, பண்டமும் தவறு, சுவையும் தவறு. தை முதல் நாளன்று பர்மியர்களும் வெல்லமும் பாலும் சேர்த்துப் பொங்கல் வைப்பதாகவும், அதற்குத் தமனெ என்று பெயர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போதாததற்குக் குக்கரில் செய்யும் முறையைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பி யாராவது அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் இந்தக் கடிதம் வெளிவந்தால் நல்லது.

முதலில் நாள். ஒட்டரிசியில் செய்யும் உப்புப் பண்டமான தமனெயைக் கிண்டுவது பர்மிய நாட்காட்டியின் பதினோராவது மாதமான தபோட்வெயின் பௌர்ணமியை ஒட்டி. நம் தை சூரியனைப் பார்த்துப் பிறக்கிறது. அதனால் பொங்கல் ஆண்டுதோறும் ஜனவரி 14, 15ஐ விட்டு நகர்வதில்லை. பர்மிய மாதங்கள் நிலவைப் பார்த்துப் போகின்றன. பருவம் பின்தங்கிவிடாமல் இருக்க 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். கூட்டும் மாதம் எப்போதும் வாசோதான். அந்த ஆண்டில் முதல் வாசோ, இரண்டாம் வாசோ என இரண்டு வரும். இதனால் பெரும்பாலான ஆண்டுகளில் தமனெ நம் தைப்பூச நிலவில் விழும். வாசோ இரண்டு வந்துவிட்டால் மாசி மகத்துக்குத் தள்ளிப்போகும். 2023இல் தைப்பூசமும் தமனெயும் பிப்ரவரி முதல் வாரத்தில் சேர்ந்தே வந்தன. அந்த ஆண்டு வாசோ இரட்டித்ததால் 2024இல் தைப்பூசம் ஜனவரி 25இல் முடிந்து போக, தமனெ பிப்ரவரி கடைசி வாரத்தில்தான் வந்தது. தை முதல் நாளன்று தமனெ தேடி யாங்கோனுக்கு வருபவருக்கு வெறும் கை.

ஏன் அந்த மாதம்? அறுவடை முடிந்து புது அரிசியும் புது எள்ளும் நிலக்கடலையும் கைக்கு வரும் நேரம் அது. குளிரும் இன்னும் விடவில்லை. குளிர் என்றால் உங்கள் கட்டுரையின் படங்களில் இருந்த பனி மூடிய கூரைகள் அல்ல. நிலையாகப் பனி கிடப்பது வடகோடியில் 5,881 மீட்டர் உயரமுள்ள காகாபோராசி மலைப் பக்கம்தான். யாங்கோனில் ஜனவரி விடியற்காலை 18 டிகிரி, நண்பகல் 32. ஆனாலும் விடிகாலையில் குல்லாய் போடாத ஆளைத் தெருவில் பார்க்க முடியாது. எண்ணெய், எள், இஞ்சி மூன்றும் உடம்புக்குச் சூடு என்பது பர்மியர் கணக்கு. மார்கழியில் வெண்பொங்கலில் மிளகைத் தட்டிப்போட்டு நெய்யை ஊற்றுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தீயும் உண்டு. தபோட்வெயில் சில ஊர்களில் பகோடா என்னும் புத்தர் கோயில் வாசலில் விறகை அடுக்கி எரிப்பார்கள். புத்தருக்குக் குளிர் காய. அசாமியர் மாக் பிஹு பண்டிகையில் மேஜி என்னும் தீயைக் கொளுத்துவது ஜனவரி நடுவில், அறுவடை முடிந்த மகிழ்ச்சியில், விடியற்காலையில். நம் போகித் தீ பழையதைக் கழிக்க. பார்வைக்கு மூன்றும் ஒரே தீதான். ஆனால் போகியன்று பழைய பாயைக் கொண்டுவந்து போடுகிற மாதிரி யாரும் பகோடாத் தீயில் குப்பையைப் போட்டுவிடக் கூடாது. அது காணிக்கை.

இனி அரிசி. குழப்பத்தின் வேர் இங்கேதான். பொங்கலுக்குப் பச்சரிசி. அது ஒன்றுக்கு நாலைந்து மடங்கு தண்ணீரில் குழைந்து, கஞ்சி நுரைத்துப் பானை வாயைத் தாண்ட வேண்டும். பொங்குவதுதான் சடங்கே. தமனெக்குக் கௌஞின் என்னும் ஒட்டரிசி. அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு உண்டு. ஒட்டரிசியில் முன்னது இல்லவே இல்லை என்று சொல்லலாம், ஏறக்குறைய முழுவதும் பின்னதுதான். அதனால் வெந்ததும் பிரியாமல் ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஐந்து பங்கு தண்ணீரில் இதை வேகவைத்தால் கிடைப்பது சுவரொட்டிப் பசை. குக்கரில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். கெட்டிக் கூழ் கீழும் மேலும் புரளாது. மேலே அரைவேக்காடாக இருக்கும்போதே அடி கருகிவிடும். செட்டிநாட்டுக் கவுனி அரிசி இங்கிருந்து கப்பலேறிப் போனது என்றும் பெயரும் கௌஞினின் திரிபே என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒட்டரிசிதான் என்பதில் ஐயமில்லை.

செய்முறை. இங்கே அரிசியைப் பியிக் கணக்கில் அளப்போம். வெற்றுக் கெட்டிப்பால் டப்பாவால் 8 டப்பா ஒரு பியி, ஏறத்தாழ 2.1 கிலோ. பதினாறு பியி ஒரு கூடை. கடையில் எண்ணெயும் கடலையும் வீசையில் கிடைக்கும். பர்மிய வீசை 1.63 கிலோ என்பதை மறந்து, ஊரில் தாத்தா காலத்து 1.4 கிலோ வீசையை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் அளவு கெடும். கிலோவிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பியி அரிசிக்குக் கடலை எண்ணெய் 800 மில்லி, தோல் நீக்கிய நிலக்கடலை அரைக் கிலோ, வெள்ளை எள் 300 கிராம், முற்றிய தேங்காய் இரண்டு, இஞ்சி கால் கிலோ, உப்பு 50 கிராம். வெல்லம் கிடையாது, பால் கிடையாது, ஏலக்காய் கிடையாது. இது உப்புப் பண்டம்.

அரிசியை நான்கு மணி நேரமாவது ஊறவைத்து, கூடையில் கொட்டி அரை மணி நேரம் நீரை வடியவிட வேண்டும். தேங்காயைத் துருவக் கூடாது. நகக்கண் கனத்தில் கீற்றுக் கீற்றாகச் சீவ வேண்டும். இஞ்சியை நூலாக அரிந்துகொள்ளலாம். எள்ளை எண்ணெயில்லாத சட்டியில் தனியாக வறுத்து, வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். நிறம் மாறும்வரை காத்திருந்தால் சட்டியின் சூட்டிலேயே அது மேலும் கறுத்து, மொத்தமும் கசக்கும்.

கனத்த இருப்புச்சட்டியில் எண்ணெய் முழுவதையும் காயவைத்து, தேங்காய்க் கீற்றைப் பொன்னிறமாகப் பொரித்து எடுக்க வேண்டும். அடுத்துக் கடலை. இரண்டையும் வடித்துத் தனியே வைத்துவிட்டு, அதே எண்ணெயில் இஞ்சியைப் போட்டு மணம் வந்ததும் அரிசியைக் கொட்டிப் புரட்ட வேண்டும். ஒவ்வொரு மணியிலும் எண்ணெய் மினுங்க வேண்டும். பிறகு உப்புக் கரைத்த வெந்நீர் ஆறு டப்பா. இன்னும் இரண்டு டப்பா வெந்நீர் பக்கத்தில் தயாராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, மேலே நறுக்கரிசியும் கீழே குழைவுமாகிவிடும். வாழை இலையைப் பரப்பி, மூடி போட்டு, தணலில் இருபது நிமிடம். ஒரு மணியை விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அரை டப்பா வெந்நீர் தெளித்து மறுபடி மூடுங்கள்.

வெந்ததும் விறகை வெளியே இழுத்துவிட வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. தீ எரியும்போதே நசுக்கத் தொடங்கினால் அடி பிடித்த புகை நாற்றம் முழுச் சட்டிக்கும் ஏறும். எந்த இஞ்சியாலும் அதை மறைக்க முடியாது. கங்கு மட்டும் இருக்க, எதிரெதிரே இரண்டு பேர் மரத்துடுப்போடு நிற்பார்கள். ஒருவர் அழுத்தித் தன் பக்கம் இழுக்கும்போது மற்றவர் தூக்கிப் புரட்டுவார். மூன்றாமவர் ஈரச் சாக்கால் சட்டி விளிம்பைப் பிடித்திருப்பார். சோறு சூடாக இருக்கும்போதே நசுக்கினால்தான் மசியும்; ஆறவிட்டால் துடுப்புதான் முறியும். ஒரு பியிக்குக் கால் மணி நேரம் போதும். முழுக் களியாக்கிவிடாமல், பாதி மணி உருத் தெரிய நிறுத்துவதுதான் பக்குவம். பிறகு தேங்காயும் கடலையும், எல்லாவற்றுக்கும் பிறகு எள். கடலையை முன்னாலேயே போட்டால் ஆவியில் நமத்து, மொறுமொறுப்பு போய்விடும்.

எண்ணெய் அளவைப் பார்த்துத் திகைக்கிறவர்கள் பாதியாகக் குறைப்பார்கள். குறைத்தால் சோறு துடுப்பைக் கவ்வும், அடியும் பிடிக்கும். சரியாக நசுக்கினால் அவ்வளவு எண்ணெயும் உள்ளே போய்விடும். ஆறின பிறகு தட்டில் எண்ணெய் தேங்கி நின்றால் அளவைக் குறை சொல்லாதீர்கள், நசுக்கினது போதவில்லை. வாழை இலையில் பொட்டலமாகக் கட்டினால் இங்கத்திய குளிரில் இரண்டு மூன்று நாள் தாங்கும். முதலில் கெடுவது தேங்காய்தான். அரைகுறையாகப் பொரித்திருந்தால் மறுநாளே புளிப்பு வாடை அடிக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் செங்கல். அப்படி இறுகினதைத் துண்டு போட்டுத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் வாட்டினால் மறுபடி இளகும். அதுவே ஒரு தனிச் சுவை. சென்னையில் கறுப்புக் கவுனிதான் கிடைக்கும் என்றால் அதிலும் செய்யலாம். தவிடு போகாத அரிசி என்பதால் இரவு முழுக்க ஊற வேண்டும், தண்ணீர் இரண்டு டப்பா கூடப் பிடிக்கும். நிறம் நாவல்பழமாக வரும், பயப்பட வேண்டாம்.

எள் என்றாலே திவசத்தை நினைத்துக்கொள்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மராத்தியர் சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் கொடுத்துத்தான் இனிமையாகப் பேசச் சொல்கிறார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

நாட்டுக்கு நாடு குளிர்காலம் எப்படி வேறுபடுகிறது என்பதற்கு இந்த ஒட்டரிசியே நல்ல சாட்சி. யாங்கோனின் லத்தா பகுதிச் சீனர்கள் டிசம்பர் 21 அல்லது 22இல், பகல் மிகக் குறுகிய நாளில், அதை மாவாக்கி உருட்டி இனிப்புப் பாகில் மிதக்கவிடுகிறார்கள். சீனாவின் வடபகுதியில் அதே நாளில் கோதுமைக் கொழுக்கட்டை. ஜப்பானியர் இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரே ஊற்றாமல் ஆவியில் வேகவைத்து, உரலில் போட்டு மரச் சம்மட்டியால் இடிக்கிறார்கள். அவர்கள் புத்தாண்டு மோச்சியில் ஒரு மணிகூட உருத் தெரியக் கூடாது, எண்ணெய் வாடையே ஆகாது. டிசம்பர் 29இல் பலர் இடிக்கமாட்டார்கள்; ஒன்பதின் ஒலி துன்பம் என்னும் சொல்லை நினைவூட்டுகிறதாம். அரிசி ஒன்று, அதை உடைக்கிற விதம்தான் வேறு.

மியன்மாரின் குளிர்கால விடுமுறை என்று எழுதப் புகுந்தால் தமனெயோடும் நிற்காது. பியாதோ என்னும் பர்மிய மாதத்தின் முதல் பிறையில் கரேன் இன மக்களின் புத்தாண்டு, டிசம்பர் 25 அரசு விடுமுறை, ஜனவரி 4 சுதந்திர நாளில் தெருவுக்குத் தெரு சாக்கு ஓட்டமும் வழுக்கு மரமும், ஜனவரி 10இல் மிச்சினாவில் கச்சின் மக்களின் மனவ் நடனம் என்று வரிசையாக வரும். பெகு, தட்டோன், மோல்மேன் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பங்கள் ஜனவரி நடுவில் பொங்கலும் வைக்கின்றன. பவ்சான் என்னும் ரகத்தின் புதுப் பச்சரிசியில் அது அருமையாகக் குழையும். அதே குடும்பங்கள் சில வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பர்மியர் கொடுக்கும் தமனெப் பொட்டலத்தையும் வாங்கிக்கொள்கின்றன. இரண்டுக்கும் பெயரை மாற்றிச் சொல்கிற குழந்தை ஒன்றுகூட அங்கே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அச்சில் வந்தது வந்ததுதான். இணையப் பதிப்பில் உள்ள கட்டத்தையாவது தபோட்வெப் பௌர்ணமிக்கு முன் திருத்திவிடுங்கள். குக்கர், வெல்லம், பால் மூன்றையும் எடுத்துவிட்டு இருப்புச்சட்டி, உப்பு, இஞ்சி என்று போட்டாலே பாதி சரியாகிவிடும். கௌஞின் கிடைக்காதவர்கள் இட்லி அரிசியில் முயல வேண்டாம் என்றும் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
யாங்கோன், மியன்மார்